அலாமோவின் இரண்டாவது வீழ்ச்சி

தோசைக்கல் அளவுக்கு ஒரு தட்டு. குறுக்களவு 12 அங்குலம். கிராமபோன் தட்டைப் போல நடுவில் துவாரம் உண்டு. ஆனால் கறுப்பு அல்ல, முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போன்ற பளபளப்பு. இரண்டு பக்கமும் சினிமாப் படம் பதிந்திருக்கும். ஒரு பக்கம் ஓடுவதற்கு ஒரு மணி நேரம். அது முடிந்ததும் எழுந்து போய், தோசையைத் திருப்பிப் போடுவது போலவே இதையும் திருப்பிப் போட வேண்டும்.

இதற்கு லேசர் டிஸ்க் என்று பெயர். 1978 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வீடியோ நாடாவைவிடத் துல்லியமாக வீட்டிலேயே படம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களும், அந்த ஆசைக்கு ஏற்ற பணம் வைத்திருந்தவர்களும் வாங்கினார்கள். பிறகு சின்னஞ்சிறு டிவிடி வந்தது. பெரிய தட்டுக்கு மதிப்புப் போயிற்று. 2009 இல் பயனியர் கம்பெனி இந்தக் கருவியைச் செய்வதை நிறுத்தியது. இப்போது அது பழைய சாமான் கடைச் சரக்கு.

அந்தப் பழைய சாமானுக்குள் ஒரு சரித்திர வேடிக்கை அடங்கியிருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்து, உலகத்திலேயே பெரிய பிலிம் வகை ஒன்றில் எடுத்த ஒரு படம். அதை முழுசாகப் பார்க்க விரும்பியவர்களுக்குப் பல வருஷங்களாகக் கதியாக இருந்தது, வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காக எடுத்த ஒரு வீடியோ நகல்தான். வேடிக்கை என்று சொல்லிவிட்டேன். கதையைக் கேட்டபின் வாசகர்கள் அதை விபரீதம் என்று திருத்திக்கொள்ளலாம்.

படத்தின் பெயர் 'தி அலாமோ'. வருஷம் 1960. எடுத்தவர், இயக்கியவர், கதாநாயகராக நடித்தவர் மூவரும் ஒருவரே: ஜான் வேய்ன்.

சினிமாவுக்குப் போகுமுன் நிஜமான அலாமோவை ஒரு முறை எட்டிப் பார்ப்பது நல்லது. டெக்ஸாஸ் ராஜ்யத்தில் சான் அன்டோனியோ என்று ஓர் ஊர். அங்கே ஸ்பானியப் பாதிரிமார்கள் 1718 இல் ஒரு மடத்தை ஸ்தாபித்தார்கள். காலப்போக்கில் மடம் மடமாக இல்லாமல் போயிற்று. பாதிரிகள் இருந்த இடத்தில் சிப்பாய்கள் வந்து தங்கினார்கள். 1821 இல் மெக்ஸிகோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. டெக்ஸாஸும் மெக்ஸிகோவைச் சேர்ந்ததாயிற்று. நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறினார்கள். பலர் தங்கள் அடிமைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மெக்ஸிகோ 1829 இல் அடிமை முறையை ஒழித்தது, குடியேறியவர்கள் முணுமுணுத்தார்கள். 1835 இல் ஸான்டா அன்னாவின் ஆட்சி, மாகாணங்களுக்கு உரிமை தந்திருந்த 1824 ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தைத் தூக்கி எறிந்தது, முணுமுணுப்பு கலகமாயிற்று. கலகக்காரர்கள் சான் அன்டோனியோவைப் பிடித்து அந்தப் பழைய மடத்துக்குள் புகுந்துகொண்டார்கள்.

1836 பிப்ரவரி 23 ஆம் தேதி ஸான்டா அன்னா படையோடு வந்து முற்றுகை இட்டார். உள்ளே இருந்தவர்கள் சுமார் 200 பேர். டிராவிஸ் என்ற 26 வயது வக்கீல் தளபதி. கத்திக்குப் பேர்போன ஜிம் போவி படுத்த படுக்கையாக நோயில் கிடந்தார். டென்னஸி ராஜ்யத்தின் மாஜி காங்கிரஸ் அங்கத்தினரும் வேட்டைக்காரருமான டேவி கிராக்கெட் மூன்றாமவர். பதின்மூன்று நாள் தாக்குப் பிடித்தார்கள். மார்ச் 6 ஆம் தேதி விடியுமுன் மெக்ஸிகோப் படை சுவர் ஏறிற்று. பொழுது நன்றாக விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. சண்டையிட்டவர்களில் அநேகமாக ஒருவரும் மிஞ்சவில்லை. ஸூஸன்னா டிக்கின்ஸன் என்ற பெண்மணி, அவளுடைய கைக்குழந்தை, டிராவிஸின் அடிமை ஜோ, இன்னும் சில பெண்களும் குழந்தைகளும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 21 அன்று, ஸான் ஜஸின்டோ என்ற இடத்தில் டெக்ஸாஸ் படை ஸான்டா அன்னாவின் படையின் மீது பாய்ந்தது. அப்போது அவர்கள் போட்ட கோஷம், 'அலாமோவை மறக்காதே!' என்பது. இந்தக் கோஷத்தை வாசகர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரை முடிவதற்குள் மறுபடியும் அது தேவைப்படும்.

மறக்காதே என்றார்களே தவிர, எதை மறக்காமல் இருப்பது என்பதில் குழப்பம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. தளபதி டிராவிஸ் வாளால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, "சாகத் துணிந்தவர்கள் இதைத் தாண்டி வாருங்கள்" என்று சொன்னதாக டெக்ஸாஸில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதை அச்சில் வந்தது 1873 இல், சம்பவம் நடந்து 37 வருஷத்துக்குப் பிறகு. தப்பி வந்த ஒருவன் சொன்னதாக, அதைக் கேட்ட பெற்றோர் சொன்னதாக, மகன் எழுதியது. கிராக்கெட் சுட்டுக்கொண்டே செத்தார் என்பது ஒரு கட்சி. பிடிபட்டபின் கொல்லப்பட்டார் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு ஆதாரம், தே லா பென்யா என்ற மெக்ஸிகோ அதிகாரியின் நினைவுக் குறிப்பு. அது புத்தகமாக வெளிவந்தது 1955 இல். இவ்வளவு ஏன்? அலாமோ என்றவுடன் எல்லோருக்கும் கண்முன் வருகிற அந்த வளைந்த முகப்பு இருக்கிறதே, அதுவே யுத்தம் நடந்தபோது கிடையாது. 1850 இல் அமெரிக்க ராணுவம் கட்டிடத்தைக் கிடங்காகப் பயன்படுத்தியபோது சேர்த்தது. மூலம் என்று எதைத் தொட்டாலும் அதன்மேல் ஒரு கை பட்டிருக்கிறது.

ஜான் வேய்னுக்கு இந்தக் கதைமேல் வெகு நாளாக மோகம். 1940களிலேயே தாம் வேலை பார்த்த ரிபப்ளிக் ஸ்டூடியோவில் இதை எடுக்க முயன்றார். முதலாளியோடு ஒத்துப் போகவில்லை, வெளியேறினார். ரிபப்ளிக் சும்மா இருக்கவில்லை. 1955 இல் அதே விஷயத்தை 'தி லாஸ்ட் கமாண்ட்' என்ற பெயரில் தானே எடுத்து வெளியிட்டது. நியாயமாகப் பார்த்தால் அதோடு ஆசை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை.

யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் பணம் போட முன்வந்தது, ஒரு நிபந்தனையோடு: வேய்ன் பெரிய வேஷம் கட்ட வேண்டும். ஹியூஸ்டன் என்ற தளபதியாகச் சின்ன வேஷத்தில் வந்து போகலாம் என்று இருந்தவர், கிராக்கெட்டாக மாறினார். ரிச்சர்ட் விட்மார்க் போவியாகவும் லாரன்ஸ் ஹார்வி டிராவிஸாகவும் நடித்தார்கள். தம் மகள் ஐஸாவையே டிக்கின்ஸன் குழந்தையாக நடிக்க வைத்தார். பணம் போதவில்லை. டெக்ஸாஸ் பணக்காரர்களிடம் கேட்டு வாங்கினார். அதுவும் போதாமல் தம் சொத்துக்களையும் வைத்தார். பிராக்கெட்வில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பண்ணையில் கோட்டையைக் கட்டினார்கள். அட்டையும் சாக்கும் வைத்துக் கட்டிய கோட்டை அல்ல; வெயிலில் காயவைத்த மண்கற்களை லட்சக்கணக்கில் அடுக்கி, இரண்டு வருஷமாக எழுப்பிய நிஜக் கோட்டை. படம் எடுத்தது 1959 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை. மொத்தச் செலவு சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர்.

படப்பிடிப்பில் நடந்த ஒரு சம்பவம் ரசமானது. வேய்னை ஆளாக்கிய குருநாதர் ஜான் ஃபோர்டு ஒரு நாள் அழைக்காமலே வந்து சேர்ந்தார். காமிராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அப்படி அல்ல, இப்படி" என்று உத்தரவு போட ஆரம்பித்தார். குருவை எழுந்து போ என்று சொல்ல எந்தச் சிஷ்யனுக்குத் தைரியம் வரும்? வேய்ன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். குருவுக்குத் தனியாக ஒரு காமிராவும் ஆட்களும் கொடுத்து, தூரத்தில் போய்ச் சில காட்சிகளை எடுத்துத் தரும்படி வணக்கத்தோடு கேட்டுக்கொண்டார். குரு மகிழ்ந்து போனார். அவர் எடுத்ததில் பெரும்பகுதி படத்தில் சேரவில்லை.

இந்தப் படம் எடுத்த முறையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்; பின்னால் வருகிற துக்கம் அதில்தான் இருக்கிறது. சாதாரணப் படங்களின் பிலிம் 35 மில்லிமீட்டர் அகலம். இதை எடுத்தது டாட்-ஏஓ என்ற முறையில். நெகட்டிவ் 65 மில்லிமீட்டர், திரையிடும் பிரதி 70 மில்லிமீட்டர். ஒவ்வொரு சட்டத்தின் பரப்பும் சாதாரணச் சட்டத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஓரத்தில் காந்தப் பூச்சில் ஆறு வழி ஒலி. ஆயிரக்கணக்கான குதிரைகளும் சிப்பாய்களும் சமவெளியில் வருகிற காட்சியில், கடைசி வரிசைக் குதிரையின் வாலையும் பார்க்கலாம்.

1960 அக்டோபர் 24 அன்று சான் அன்டோனியோவிலேயே முதல் காட்சி. அந்தக் காலத்துப் பெரிய படங்களை நாடகம் போல நடத்துவார்கள். முன்கூட்டி இடம் பதிய வேண்டும். திரை விலகுமுன் இசை, நடுவில் இடைவேளை, வெளியேறும்போது மறுபடியும் இசை. டிமிட்ரி டியோம்கினின் இசை அதற்கு ஏற்றதாக இருந்தது. எல்லாம் சேர்த்து 202 நிமிஷம். விமரிசகர்கள், யுத்தம் பிரமாதம், அதற்கு முன்னால் பேச்சு ஜாஸ்தி என்றார்கள். கொட்டகைக்காரர்களுக்கோ ஒரு நாளைக்கு எத்தனை காட்சி நடத்தலாம் என்பது கணக்கு. படம் ஊரெங்கும் வெளியாவதற்கு முன் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கத்திரியை எடுத்தது. 202 நிமிஷம் 167 நிமிஷமாயிற்று.

அரை மணி நேரத்துக்கும் மேல் போயிற்று. போனதில் பெரும்பகுதி சண்டை அல்லாத பகுதி. மனிதர்கள் பேசுவது, பழகுவது, தயங்குவது. கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இந்தக் கத்திரி பரிச்சயமானது. எங்கே துப்பாக்கி வெடிக்கவில்லையோ அங்கே அது முதலில் போய் விழும். துப்பாக்கி வெடிக்கும்போது யார் சாகிறான் என்பது நமக்கு உறைப்பது, அந்த வெடிக்காத பக்கங்களால்தான். அது கத்திரிக்குத் தெரியாது. படம் உயர்ந்த கலை என்று நான் வாதாட வரவில்லை. பேச்சு ஜாஸ்திதான், மெக்ஸிகோவின் நியாயமும், ஜோவைப் போன்றவனின் நியாயமும் அதில் குறைவுதான். ஆனால் ஒரு மனிதன் தன் வீட்டை அடகு வைத்துச் சொன்ன பேச்சு. நல்லதோ கெட்டதோ முழுசாக இருக்க வேண்டாமா?

ஏழு ஆஸ்கார்களுக்குப் பெயர் அடிபட்டது. ஒலிப்பதிவுக்கு ஒன்று கிடைத்தது. வசூல் மோசமில்லை, செலவுதான் அதைவிடப் பெரிசு. வேய்ன் கடைசியில் தம் பங்கை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸிடமே விற்றுவிட்டார். 1979 ஜூனில் காலமானார். முழுப் படம் தொலைந்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

பிறகு நடந்தது துப்பறியும் கதையைப் போன்றது. கனடா தேசத்து ரசிகர் ஒருவர். 1970களில் தாம் இந்தப் படத்தைப் பார்த்தபோது பார்த்தது குறைத்த படம் அல்ல, முழுப்படம் என்று அவருக்குப் பின்னால் உறைத்தது. மற்றவர்கள் பார்த்திராத காட்சிகள் அவர் ஞாபகத்தில் இருந்தன. அப்படியானால் பிரதி எங்கேயோ இருக்க வேண்டும் அல்லவா? இன்னோர் அன்பரோடு சேர்ந்து தேடினார். டொரண்டோ நகரத்தில் அந்த 70 மில்லிமீட்டர் பிரதி கிடைத்தது. நிறம் மங்கவில்லை, கீறல் இல்லை. முதல் காட்சிக்கு அனுப்பியது போல் இருந்ததாம். நிபுணர்களும் ஸ்தாபனங்களும் கைவிட்ட ஒரு பொருளை, டிக்கெட் வாங்கி உட்கார்ந்து படம் பார்த்த ஒரு மனிதரின் ஞாபகம் மீட்டது. 'மறக்காதே' என்ற கோஷத்துக்கு இவரைப்போல் மரியாதை செய்தவர் வேறு யாரும் இல்லை.

அப்போது படத்தின் உரிமை எம்.ஜி.எம். கைக்கு வந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் டொரண்டோப் பிரதியிலிருந்து ஒரு வீடியோ நகல் எடுத்து, நாடாவாகவும் லேசர் டிஸ்க்காகவும் வெளியிட்டார்கள். முன்னிசை, இடைவேளை, முடிவிசை எல்லாவற்றோடும் படம் வீடுகளுக்கு வந்தது. முப்பது வருஷமாகக் காணாத காட்சிகளைக் கண்டு ரசிகர்கள் ஆனந்தப்பட்டார்கள். அவர்கள் ஆனந்தத்தில் தப்பில்லை, நானாயிருந்தாலும் அப்படித்தான்.

ஆனால் அந்த நகல் எப்படிப்பட்டது? அன்றைய அமெரிக்க டெலிவிஷன் படத்துக்கு மேலிருந்து கீழே மொத்தம் 525 கோடுகள். கடைசிக் குதிரையின் வால் தெரிகிற அந்தப் பிரம்மாண்டமான சட்டத்தை இந்தக் கோடுகளுக்குள் அடக்கினார்கள். கங்கையைக் கமண்டலத்தில் பிடித்தது போல. கமண்டலத்தில் இருப்பதும் கங்கை ஜலம்தான், பூஜைக்கு ஆகும். ஆனால் அதில் தோணி விட முடியாது.

அதனால் என்ன, நதிதான் இருக்கிறதே என்று தோன்றும். இனிமேல்தான் விபரீதம். வீடியோ நகல் எடுத்து முடிந்ததும் டொரண்டோப் பிரதியைப் பிரித்துக் கிடங்கில் போட்டார்கள். தக்க பாதுகாப்பு இல்லை. அந்தக் காலத்து வர்ண பிலிமுக்கு இரண்டு எமன்கள். ஒன்று, நிறம். நீலமும் மஞ்சளும் முதலில் ஓடிப்போய், வானம் மண் குதிரை மனிதன் எல்லாம் ஒரே இளஞ்சிவப்பாகிவிடும். மற்றொன்று, பிலிமின் அடித்தளமே சூட்டிலும் ஈரத்திலும் புளிப்பது. டப்பாவைத் திறந்தால் காடி நாற்றம் அடிக்கும். பிலிம் சுருங்கி நெளியும். ஒன்று புளித்தால் பக்கத்தில் இருப்பதையும் புளிக்க வைக்கும். குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்தால் இரண்டையும் வெகுகாலம் தள்ளிப் போடலாம். இந்தப் பிரதிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2007 க்குள் எதற்கும் உதவாத நிலைக்கு அது வந்துவிட்டது. டிவிடியிலும் குறைத்த படத்தைத்தான் போட முடிந்தது. பிலிமில் நல்ல நிலையில் மிஞ்சியது அதுதான்.

இந்த வருஷக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். யாருக்கும் நினைவில்லாமல் கிடந்த முப்பது வருஷமும் அந்தப் பிரதி நன்றாக இருந்தது. கண்டுபிடித்து, கொண்டாடி, நகல் எடுத்து, உரியவர்கள் கையில் சேர்ந்த பதினைந்து வருஷத்தில் அழிந்தது. மறதி அதைக் கொல்லவில்லை. 'காப்பாற்றியாயிற்று' என்ற நிம்மதிதான் கொன்றது.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 'ஸ்பார்ட்டகஸ்' முதலிய படங்களைச் சீர்ப்படுத்தி உயிர் கொடுத்த ராபர்ட் ஹாரிஸ் என்பவர் இதையும் மீட்க முயன்றார். இன்னும் தாமதித்தால் ஒன்றும் மிஞ்சாது என்று 2014 இல் பகிரங்கமாக எச்சரித்தார். திரைப்பட உலகத்தில் பலர் ஆதரித்தார்கள். வெளியிலிருந்து பணம் திரட்டவும் தயாராக இருந்தார்கள். உரிமையாளர்கள் இணங்கவில்லை. அந்த வருஷம் வேலை தொடங்கவில்லை.

இதில் மற்றொரு வினோதம். 1939 இல் ஜான் ஃபோர்டு எடுத்த 'ஸ்டேஜ்கோச்' படம்தான் வேய்னைப் பெரிய நடிகராக்கியது. அதன் மூல நெகட்டிவ் தொலைந்து போயிற்று. வேய்னிடம் அந்தப் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. ஒரு தடவைகூட இயந்திரத்தில் ஓட்டாமல் பத்திரமாக வைத்திருந்தார். 1970 இல் அதைக் கொடுத்து உதவினார். அதிலிருந்து புது நெகட்டிவ் உண்டாயிற்று. குருவின் படத்தைச் சிஷ்யன் காப்பாற்றினான். சிஷ்யனின் படத்தைக் காப்பாற்றும் பொறுப்பு ஸ்தாபனங்களின் கையில் இருந்தது. ஒரு தனி மனிதனின் அலமாரி செய்ததைக் கிடங்குகள் செய்யவில்லை.

நகலைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நகல் இல்லாவிட்டால் இன்று அந்த அரை மணி நேரம் கமண்டலத்தில்கூட இருந்திராது. ஓலைச் சுவடி காலத்தில் நம் முன்னோர் ஏடு பெயர்த்து எழுதியதால்தான் நூல்கள் பிழைத்தன. ஆனால் பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்ட கதையையும் சாமிநாதையர் வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். எழுதுகிறவன் கை தவறியிருந்தால் ஒத்துப் பார்க்க எங்கே போவது? நகல் என்பது மூலத்துக்குக் காவற்காரன். காவற்காரன் வந்துவிட்டான் என்று வீட்டுக்காரரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறவர்களை என்னவென்று சொல்வது?

1836 இல் அலாமோ விழுந்தபோது வெளியே பகைவர் இருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் பதின்மூன்று நாள் விழித்திருந்தார்கள். இரண்டாவது முறை அலாமோ விழுந்தபோது பகைவர் என்று யாரும் இல்லை. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. கிடங்கின் இருட்டில் ஒரு டப்பாவுக்குள் வானம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. 'மறக்காதே' என்று கத்துவதற்கு அங்கே ஆள் இல்லை. வெளியே வீடுகளில், பளபளப்பான தட்டைத் திருப்பிப் போட்டு, எல்லோரும் படத்தைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.